கர்ப்பிணிக்கு அரெஸ்ட் (இதயம் நின்றுபோவது): வெட்ஜ் வைப்பதா, கையால் தள்ளுவதா? தியேட்டருக்கு ஓடுவதா, கட்டிலிலேயே அறுப்பதா?

லேபர்வார்டு_சிஸ்டர்

எங்கள் வார்டில் சீக்கிரமே கோட் ப்ளூ (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பு) ஒத்திகை வைக்கப் போகிறோம். இந்த முறை நோயாளி நிறைமாதக் கர்ப்பிணி. சுவரில் ஒட்டுவதற்கு ஒரு அட்டை எழுதித் தரச்சொல்லி வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் மூன்று இடத்தில் சண்டை.

வலது இடுப்புக்கு அடியில் வெட்ஜ் (ஆப்பு வடிவத் திண்டு) வைத்து இடப்பக்கம் சாய்க்க வேண்டும் என்கிறார் ஒரு சீனியர். சாய்க்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். சிசேரியன் செய்ய வேண்டி வந்தால் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவதா, கட்டிலிலேயே முடிப்பதா என்பது அடுத்தது. அறுப்பதற்கு முன் குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா என்பது மூன்றாவது. இரண்டு தரப்பிலும் அனுபவம் உள்ளவர்கள்தான், நடுவில் மாட்டிக்கொண்டது நான். தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் நல்லது. காரணம் இல்லாமல் "இப்படித்தான்" என்று அட்டையில் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மயக்கமருந்து_ஆள்

வெட்ஜை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். மற்றதை மகப்பேறு ஆட்கள் சொல்லட்டும்.

சிஸ்டர், வெட்ஜ் சொல்லும் சீனியர் தப்பாகப் படித்தவர் இல்லை, முன்பு படித்தவர். 20 வாரம் தாண்டினால் மல்லாந்து படுக்கும்போது கர்ப்பப்பை கீழ்ப்பெருஞ்சிரையை முதுகெலும்போடு சேர்த்து நசுக்கும். கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. இதயத்துக்குள் ரத்தமே வராதபோது மேலே எவ்வளவு அழுத்தினாலும் வெளியே எதைத் தள்ள முடியும்? அதனால் கர்ப்பப்பையை அங்கிருந்து விலக்கியே ஆக வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி விலக்குவது என்பதில்தான்.

சாய்த்தால் இரண்டு பிரச்சினை. உடம்பு சாய்ந்திருக்கும்போது மார்பில் முழு பலத்தையும் இறக்க முடியாது. ரீஸ், வில்லிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் இதை அளந்தே பார்த்தார்கள். 27 டிகிரி சாய்வில், தட்டையாகப் படுத்திருக்கும்போது கொடுக்க முடிகிற அழுத்தத்தில் 80 சதவீதம்தான் கிடைத்தது. சரி, கொஞ்சமாகச் சாய்க்கலாமே என்றால் அதுவும் உதவவில்லை. 2015இல் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வில், 15 டிகிரி சாய்த்தும் கீழ்ப்பெருஞ்சிரையில் ரத்தம் கூடவில்லை. 30 டிகிரி போன பிறகுதான் ஓரளவு திறந்தது. ஆக, சிரை திறக்கும் அளவுக்குச் சாய்த்தால் கம்ப்ரெஷன் (மார்பை அழுத்துவது) கெடும். கம்ப்ரெஷன் கெடாத அளவுக்குச் சாய்த்தால் சிரை திறக்காது.

எனவே நோயாளி தட்டையாக, கெட்டியான பரப்பில், மல்லாந்து. கர்ப்பப்பையை மட்டும் ஒரு ஆள் கையால் இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். நோயாளியின் இடப்பக்கம் நிற்பவர் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துத் தன் பக்கம் இழுக்கலாம். வலப்பக்கம் நிற்பவர் ஒரு கையால் மேலும் இடதுமாகத் தள்ளலாம். கவனம், கீழ்நோக்கி அமுக்கக் கூடாது. அமுக்கினால் எதை விடுவிக்கப் போனோமோ அதையே நசுக்குவோம். புதியவர்கள் ஒத்திகையில் அதிகம் தவறுவது இங்கேதான்.

அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். குழந்தை வெளியே வரும் வரை கையை எடுக்கக் கூடாது.

முதலாண்டு_பிஜி

சார், இரண்டு சந்தேகம். எத்தனை வாரம் என்றே தெரியாமல் வருகிற நோயாளிக்கு 20 வாரம் ஆயிற்றா என்று எப்படித் தெரியும்? இன்னொன்று, கர்ப்பிணிக்கு கைகளை மார்பெலும்பில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே வைக்க வேண்டும் என்று எங்கள் நோட்ஸில் இருக்கிறது.

மயக்கமருந்து_ஆள்

வாரம் தெரியாவிட்டால் தொப்புளைப் பார் தம்பி. கர்ப்பப்பையின் உச்சி தொப்புள் மட்டத்தில் அல்லது அதற்கு மேலே தட்டுப்பட்டால் அது சிரையை நசுக்கும் அளவுக்குப் பெரியது என்று வைத்துக்கொண்டு செயல்படு. பருமனான பெண்ணிடம் தட்டுப்படாமல் போகலாம். பார்வைக்கே வயிறு தெரிந்தால் தள்ளிப் பிடி. தள்ளிப் பிடித்ததால் யாருக்கும் கெடுதல் வராது.

நோட்ஸை அடித்துவிடு. நிறைமாதத்திலும் இதயம் கவனிக்கத்தக்க அளவு மேலே போவதில்லை என்று எம்ஆர்ஐயில் தெரிந்துவிட்டது. 2015இல் வந்த அமெரிக்க இதயச் சங்க அறிக்கையிலிருந்தே, மற்றவர்களுக்கு வைக்கும் இடம்தான் இவர்களுக்கும்: மார்பெலும்பின் கீழ்ப்பாதி. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்று. ஷாக்கின் அளவும் அதேதான். அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் தேவையென்றால் கொடு. கர்ப்பிணி ஆயிற்றே என்று எந்த மருந்தையும் நிறுத்தி வைக்காதே.

மாறுவது ஐவி லைன் (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்). காலில் போடாதே. கீழே போட்ட மருந்து நசுங்கிய சிரையைத் தாண்டி மேலே வராது. கையில் போடு, கிடைக்காவிட்டால் தோளை ஒட்டிய மேற்கை எலும்பில் ஊசி இறக்கு.

மகப்பேறு_பழையவர்

அறுக்கும் கேள்விக்கு வருகிறேன். சிஸ்டர், உங்கள் இரண்டாவது சண்டையும் மூன்றாவது சண்டையும் ஒரே சண்டைதான். அந்த அறுவை யாருக்காக என்பதில் தெளிவு வந்துவிட்டால் இரண்டுமே தீர்ந்துவிடும்.

பழைய ரோமில், கர்ப்பிணி இறந்தால் குழந்தையை வெளியே எடுக்காமல் புதைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததாகச் சொல்வார்கள். அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இது தாயைக் கைவிட்ட பிறகு குழந்தைக்காகச் செய்யும் காரியமாகவே இருந்தது. 1986இல் காட்ஸ் என்ற மகப்பேறு மருத்துவரும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு கெடு வைத்தார்கள்: இதயம் நின்று நான்கு நிமிடத்தில் துடிப்பு திரும்பாவிட்டால் அறுவையைத் தொடங்கு, ஐந்தாவது நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வரட்டும். 2005இல் அதுவரை வெளியான நிகழ்வுகளை அதே காட்ஸ் திரட்டிப் பார்த்தார். தாயின் ரத்த ஓட்ட நிலை பதிவாகியிருந்த 18 பேரில் 12 பேருக்கு, குழந்தையை எடுத்த பிறகுதான் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் திரும்பியிருந்தன. அறுத்ததால் தாயின் நிலை மோசமானதாக ஒன்றுகூட இல்லை.

ஏன் என்றால், கர்ப்பப்பை காலியானதும் சிரை திறக்கிறது. சுருங்கும் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. உதரவிதானம் கீழே இறங்குவதால் நுரையீரலுக்கு இடம் கிடைக்கிறது. நீங்கள் அதுவரை செய்துகொண்டிருந்த அதே கம்ப்ரெஷன் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. ஆகவே இது தாயின் சிகிச்சை. ஷாக் கொடுப்பது போல, அட்ரினலின் போடுவது போல.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். தாய்க்கான சிகிச்சையைத் தொடங்க குழந்தையின் துடிப்பை எதற்குப் பார்க்க வேண்டும்? டாப்ளரைத் தேடாதீர்கள், ஸ்கேனைத் தள்ளிக்கொண்டு வராதீர்கள். சிடிஜி (குழந்தையின் துடிப்பைப் பதியும் கருவி) மாட்டியிருந்தால் கழற்றுங்கள். கழற்ற நேரம் இல்லையென்றாலும் ஷாக்கைத் தள்ளிப்போட வேண்டாம்.

தியேட்டருக்கு ஓடுவது பற்றி ஒரு ஒத்திகை ஆய்வே இருக்கிறது, 2011இல் வந்தது. பிரசவ அறையிலேயே செய்த குழுக்களில் 57 சதவீதம் ஐந்து நிமிடத்துக்குள் குழந்தையை எடுத்தன. தியேட்டருக்கு மாற்றிய குழுக்களில் 14 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுக்கு லிஃப்ட் காத்திருக்கிற நிலைமை எல்லாம் இல்லை. ஓடும் ஸ்ட்ரெச்சரில் கம்ப்ரெஷன் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

வேண்டியது ஒரு பிளேடு, கைப்பிடி, தொப்புள்கொடியைப் பிடிக்க இரண்டு கிளாம்ப், கை நிறையத் துணி. கிருமிநாசினி பக்கத்தில் இருந்தால் ஊற்றுங்கள், தேடிப் போகாதீர்கள். நெடுக்காகவா குறுக்காகவா என்று கேட்பார்கள். உங்கள் கைக்கு எது பழக்கமோ அது. கைப்பழக்கம் உள்ளவருக்குக் குழந்தையை எடுக்க ஒரு நிமிடம் போதும். மீதி நேரம் எல்லாம் முடிவெடுக்கத் தயங்கியதில் போனது.

அவசரப்பிரிவு_இரவு

பழையவர் சொன்னதில் பெரும்பகுதிக்கு ஆமாம் சொல்கிறேன். ஆனால் அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி ஒரு சண்டை எனக்கும் இருக்கிறது.

"நான்கு நிமிடம்" என்று எழுதி ஒட்டினால் ஆட்கள் அதை இரண்டு விதமாகவும் தவறாகப் படிக்கிறார்கள். ஒரு கூட்டம், நான்கு நிமிடம் ஆகும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஐந்தாவது நிமிடம்தான் "யாராவது மகப்பேறு டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்கிறது. இன்னொரு கூட்டம், நோயாளி எங்கள் பிரிவுக்கு வரும்போதே எட்டு நிமிடம் கடந்துவிட்டால் "கெடு முடிந்துவிட்டது, இனி என்ன" என்று விட்டுவிடுகிறது. எனக்கு இரண்டாவதுதான் அதிக எரிச்சல். 2012இல் 94 நிகழ்வுகளை வைத்து ஒரு தொகுப்பு ஆய்வு வந்தது. பிழைத்த தாய்மார்களில் அரெஸ்டிலிருந்து பிரசவம் வரை சராசரி 10 நிமிடம் ஆகியிருந்தது, பிழைக்காதவர்களில் 22க்கும் மேல். அதாவது சீக்கிரம் செய்தால் நல்லது, தாமதமானாலும் கதவு மூடிவிடவில்லை.

தவிர, எங்கள் பிரிவில் இரவில் மகப்பேறு நிபுணர் இருப்பதில்லை. "வரும் வரை கம்ப்ரெஷன் செய்துகொண்டிருங்கள்" என்று போனில் சொல்வது எளிது. அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே இருப்பவரே அறுக்க வேண்டியிருக்கும்.

மகப்பேறு_பழையவர்

> "நான்கு நிமிடம் ஆகும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது"

நியாயம். நான் எழுதிய விதத்தில் அந்த அர்த்தம் வரத்தான் செய்கிறது. சரியாகச் சொன்னால், அரெஸ்ட் என்று தெரிந்த நொடியிலேயே அறுவைக்கான ஏற்பாடும் தொடங்க வேண்டும். மகப்பேறு, மயக்க மருந்து, பச்சிளங்குழந்தைக் குழு மூன்றையும் முதல் அழைப்பிலேயே கூப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் என்பது முடிக்கிற நேரம், யோசிக்க ஆரம்பிக்கிற நேரம் இல்லை. பிழைக்கவே முடியாத காயத்தோடு வந்திருந்தால், அல்லது நாடித்துடிப்பு இல்லாமல் நெடுநேரம் ஆகியிருந்தால், அந்த நான்கு நிமிடமும் தேவையில்லை, உடனே.

கண்ணெதிரில் விஎஃப் (இதயம் துடிக்காமல் ஒழுங்கின்றி நடுங்குவது) ஆனவரை மட்டும் வேறாகப் பார்ப்பேன். அங்கே முதல் ஷாக்கிலேயே துடிப்பு திரும்பலாம். பிளேடு கையில் இருக்கட்டும், ஷாக் முதலில் போகட்டும்.

மகப்பேறு நிபுணர் இல்லாத இடத்தில் யார் அறுப்பது என்பதில் எனக்கு உங்களைப் போல அவ்வளவு உறுதி இல்லை. பயிற்சியே இல்லாத கை வேண்டாம் என்பேன். பயிற்சி கொடுத்து வைக்காத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

அவசரப்பிரிவு_இரவு

பயிற்சி கேட்டு எழுதிப் பார்த்தாயிற்று, பதில் இல்லை. இந்த விஷயத்தில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

எட்டாம்மாதம்

மன்னிக்கவும், நான் மருத்துவத் துறை இல்லை. மனைவிக்கு எட்டாவது மாதம், இதய வால்வில் பிரச்சினை இருக்கிறது. எதையோ தேடும்போது இந்த இழை வந்தது, படித்ததும் கை நடுங்குகிறது. வீட்டில் இப்படி ஆனால் நான் என்ன செய்வது? நெஞ்சை அமுக்கினால் குழந்தைக்கு அடிபடாதா? பொது இடங்களில் வைத்திருக்கும் ஷாக் பெட்டியைக் கர்ப்பிணிக்குப் பயன்படுத்தலாமா?

லேபர்வார்டு_சிஸ்டர்

தம்பி, முதலில் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நாங்கள் பேசுவது அபூர்வமாக நடப்பது. அமெரிக்காவில் 1998 முதல் 2011 வரை பிரசவத்துக்கு அனுமதிக்கப்பட்ட 12,000 பேரில் ஒருவர், பிரிட்டனில் 2011 முதல் 2014 வரை 36,000 கர்ப்பங்களில் ஒன்று என்று கணக்கு. வால்வு பிரச்சினை உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை என்பது உண்மை. அதற்காக இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து, பிரசவம் எங்கே, எப்படி, யார் கூட இருப்பார்கள் என்று இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்னும் எழுதவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்குங்கள்.

படுத்தால் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். குழந்தை பிறந்த பிறகும் சில மாதம் இது பொருந்தும். பிரசவம் ஆனதும் எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள், நீங்கள் அவரைப் பாருங்கள்.

அவசரப்பிரிவு_இரவு

தம்பியின் மற்ற கேள்விகளுக்கு: ஷாக் பெட்டியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெட்டி சொல்லும் இடத்தில் பட்டைகளை ஒட்டுங்கள். குழந்தையிடம் போகும் மின்சாரம் மிகக் குறைவு. தாயின் இதயம் நின்றிருப்பதுதான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, "கர்ப்பிணி, எட்டாம் மாதம்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் இங்கே நாங்கள் சரியான ஆட்களைக் கூட்டி வைப்போம். தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து மார்பு நடுவில் பலமாக, வேகமாக அழுத்துங்கள். பயந்து மெதுவாக அழுத்துவதால் குழந்தைக்கு எந்த லாபமும் இல்லை. கூட இன்னொருவர் இருந்தால் அவர் வயிற்றை இடப்பக்கம் தள்ளிப் பிடிக்கட்டும். தனியாக இருந்தால் அழுத்துவது மட்டும் போதும். சிபிஆர் வகுப்பு ஒன்றுக்கு இப்போதே போய் வந்துவிடுங்கள். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, பொம்மையின் மேல் கை வைத்துப் பார்ப்பது வேறு.

எட்டாம்மாதம்

நன்றி. வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். இனி இந்த இழையைப் படிக்க மாட்டேன்!

லேபர்வார்டு_சிஸ்டர்

நல்ல முடிவு :)

மற்றவர்களுக்கு அடுத்த கேள்வி. எங்கள் வார்டிலேயே பலருக்கு வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களில் ஒருவருக்கு அரெஸ்ட் ஆனால் அட்டையில் தனியாக என்ன எழுதுவது?

மயக்கமருந்து_ஆள்

மெக்னீசியத்தை நிறுத்து, கால்சியம் கொடு. இந்த ஒரு வரியைச் சிவப்பில் எழுதுங்கள். மெக்னீசியம் உடம்பில் ஏறும்போது முதலில் முழங்கால் அனிச்சை போகும், பிறகு மூச்சு குறையும், கடைசியில்தான் இதயம். அனிச்சையையும் சிறுநீரின் அளவையும் ஒழுங்காகப் பார்த்துவந்தால் அரெஸ்ட் வரைக்கும் போகாது. மூச்சு மந்தமானால் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி நிதானமாக. அரெஸ்டே ஆகிவிட்டால் அமெரிக்க இதயச் சங்கம் சொல்வது 30 மில்லி. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த ஊசி மருந்து அலமாரியில் பூட்டி இருந்தால் பயனில்லை, அவசரத் தள்ளுவண்டியில் இருக்க வேண்டும்.

எங்கள் துறையின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். சிஸ்டர் சொன்ன பிரிட்டன் கணக்கெடுப்பில் இதயம் நின்றவர்கள் 66 பேர். அதில் கால்வாசி, அதாவது 16 பேருக்கு, மயக்க மருந்து சம்பந்தமான காரணம். அந்த 16இல் 12 பேர் பருமனானவர்கள். மரத்துப்போக முதுகில் போட்ட மருந்து மேலே ஏறிவிட்டால் கை பலவீனம், பேச்சு குறைவு, நாடி மெதுவாவது என்று வரிசையாக வரும். "கை கனக்கிறது" என்று அந்தப் பெண் சொன்னால் அதைப் பயத்தில் சொல்கிறாள் என்று தள்ளிவிடாதீர்கள். எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும்) மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்), கிலோவுக்கு 1.5 மில்லி.

மற்றபடி பெரிய பட்டியல் உங்களுக்குத் தெரிந்ததுதான். ரத்தப்போக்கு, இதய நோய், நுரையீரலில் ரத்தக்கட்டி, பனிக்குட நீர் ரத்தத்தில் கலப்பது, செப்சிஸ், ரத்தக்கொதிப்பு. அமுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இதை உரக்க ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மூச்சுக்குழாய் பற்றி யாரும் பேசவில்லை. கர்ப்பிணியின் நுரையீரலில் இருப்பில் இருக்கும் காற்று குறைவு, ஆக்சிஜன் செலவு அதிகம். மற்றவர்களைவிடச் சீக்கிரம் நீலம் பாரிப்பார்கள். தொண்டை வீங்கியிருக்கும், லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். முதலில் மாஸ்க் வைத்து 100 சதவீத ஆக்சிஜன். டியூப் 6 அல்லது 7 மி.மீ., அங்கே இருப்பவர்களில் மிகவும் பழகிய கை போடட்டும். இரண்டு முறைக்கு மேல் முயலாமல் லாரிஞ்சியல் மாஸ்க்குக்கு (தொண்டைக்குள் வைக்கும் மாஸ்க்) போய்விடுங்கள். டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை கேப்னோகிராஃப் (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) பார்த்து உறுதி செய்யுங்கள். கம்ப்ரெஷன் நடக்கும் சத்தத்தில் ஸ்டெத் வைத்து எதுவும் கேட்காது.

முதலாண்டு_பிஜி

22 வாரம்தான், குழந்தை வெளியே பிழைக்காது என்று தெரிந்தாலும் அறுப்பதா?

மகப்பேறு_பழையவர்

ஆமாம். யாருக்காக அறுக்கிறோம் என்பதை மறுபடி படித்துப் பார். கர்ப்பப்பை தொப்புளைத் தொட்டிருந்தால் அதைக் காலி செய்வது தாய்க்கு உதவலாம். 20 வாரத்துக்குக் கீழே இருந்தால் அந்த லாபம் இல்லை, வழக்கமான சிபிஆர்தான்.

எல்லாரும் மறப்பது ஒன்று: துடிப்பு திரும்பிய பிறகுதான் ரத்தம் கொட்டும். இதயம் நின்றிருக்கும்போது வெட்டிய இடம் வறண்டு கிடக்கும், "பரவாயில்லையே" என்று தோன்றும். அழுத்தம் ஏறியதும் கர்ப்பப்பை தொய்ந்துபோய் ஒழுக ஆரம்பிக்கும். கர்ப்பப்பையைச் சுருக்க ஆக்சிடோசின் கொடுங்கள், ஆனால் சடாரென்று ஏற்றாதீர்கள். ரத்த அழுத்தம் மறுபடி விழும். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம். ரத்த வங்கிக்கு அறுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். தையல் போட தியேட்டருக்குப் போவது இப்போதுதான்.

லேபர்வார்டு_சிஸ்டர்

அட்டையின் முதல் வரைவு. அடித்துத் திருத்துங்கள்.

"கர்ப்பிணி அரெஸ்ட் என்று சொல்லிக் கூப்பிடு, மூன்று குழுவையும். தட்டையாகப் படுக்க வை. வெட்ஜ் வேண்டாம். ஒருவர் கம்ப்ரெஷன். ஒருவர் வயிற்றை இடதுபுறம், கையை எடுக்காதே. ஒருவர் ஆக்சிஜன். லைன் கையில். மெக்னீசியம் ஓடினால் நிறுத்து, கால்சியம் கொடு. பிளேடு கட்டிலுக்கு வரட்டும், நோயாளி தியேட்டருக்குப் போக வேண்டாம். குழந்தையின் துடிப்பைத் தேடாதே. ஐந்தாம் நிமிடத்துக்குள் குழந்தை வெளியே."

அவசரப்பிரிவு_இரவு

நேரம் சொல்லும் ஆள் இல்லையே. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து "ஒரு நிமிடம்", "இரண்டு நிமிடம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அரெஸ்டில் மூன்று நிமிடம் எல்லாருக்கும் ஒரு நிமிடம் போலத்தான் தெரியும். "மூன்று" என்று கேட்டதும் அறுப்பவர் கையுறையோடு வயிற்றுப் பக்கம் நிற்க வேண்டும்.

பச்சிளங்குழந்தைக் குழுவைக் கூப்பிடும்போது எத்தனை வாரம், ஒரு குழந்தையா இரட்டையா என்பதையும் சொல்லுங்கள். இரட்டையென்றால் இரண்டு வார்மர், இரண்டு ஆட்கள்.

முதலாண்டு_பிஜி

முதல் ஷாக்கிலேயே துடிப்பு திரும்பி, குழந்தை இன்னும் உள்ளேயே இருந்தால்? அப்போதும் கையால் தள்ளிக்கொண்டே இருப்பதா?

மயக்கமருந்து_ஆள்

நல்ல கேள்வி. மற்ற சிகிச்சைக்கும் கண்காணிப்புக்கும் இடைஞ்சல் இல்லையென்றால் முழுமையாக இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வை. இடைஞ்சல் என்றால் கையால் தள்ளுவது தொடரட்டும். குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் நேரம் இப்போதுதான், சிடிஜியை மாட்டு. நினைவு திரும்பவில்லையென்றால் உடல் வெப்பக் கட்டுப்பாடு கர்ப்பிணிக்கும் உண்டு, அதைத் தவிர்க்கக் காரணமில்லை.

லேபர்வார்டு_சிஸ்டர்

நேரம் சொல்பவர், இரட்டை, ஒருக்களித்தல் மூன்றையும் சேர்த்துவிட்டேன். பிளேடை அவசரத் தள்ளுவண்டியில் வைக்க ஸ்டோர் ஒத்துக்கொள்ளவில்லை, கூர்மையான பொருள், கணக்கு வேண்டுமாம். சீல் போட்ட உறையில் பிளேடும் இரண்டு கிளாம்பும் வைத்து, ஒவ்வொரு ஷிஃப்டிலும் சீலை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்து போடுகிறோம் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். வேறு இடத்தில் யாராவது இதற்கு வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.